நஞ்சுக்கொடி அனுப்பும் சிக்னல்: ஒரு எண்ணை நம்பிய எழுபத்தைந்து வருஷக் கதை

நம்ம ஷோ கேட்கிறவர்களில் பாதிப் பேர் இருபதுகளின் கடைசியில் இருக்கிறவர்கள். அதனால் இப்போது வரும் கேள்விகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் சோழர்கள், ரயில்வே, கம்ப்யூட்டர் வரலாறு. இப்போது ஒருவர் கேட்கிறார்: "என் தங்கச்சிக்கு ஏழாவது மாசம். பிபி கொஞ்சம் ஏறியிருக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினாங்க. ரிப்போர்ட்ல ஏதோ ஒரு விகிதம் இருக்கு. அம்மாவோட ரத்தத்தை எடுத்து உள்ள இருக்கிற குழந்தையைப் பத்தி எப்படிச் சொல்ல முடியும்? அதை எவ்வளவு நம்பலாம்?"

நான் டாக்டர் இல்லை. அவர் தங்கச்சி என்ன செய்யணும்னு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனா அந்தக் கடைசிக் கேள்வி இருக்கே, "எவ்வளவு நம்பலாம்", அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. படிக்க ஆரம்பித்தால் நடுவில் கொஞ்சம் இருட்டாகவே போகிறது.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்ப்போம். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையிடம் எந்த மருத்துவரும் நேராகப் போக முடியாது. நாடி பிடிக்க முடியாது, "எங்கே வலிக்குது"ன்னு கேட்க முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்ததெல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, குழந்தை அசையுதான்னு அம்மாவைக் கேட்பது, 1890-களில் பிரான்ஸில் பினார் என்கிற மருத்துவர் செய்த ஊதுகுழல் மாதிரியான ஒரு கருவியை வயிற்றில் வைத்து இதயத்துடிப்பைக் கேட்பது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நஞ்சுக்கொடி வருகிறது. தொப்புள்கொடி இல்லை, அதன் மறுமுனையில் கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தட்டு மாதிரியான உறுப்பு. பிரசவ நேரத்தில் சுமார் அரை கிலோ இருக்கும். நம்ம ஊர்ல பசு கன்னு போட்டா அதோட இளங்கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டித் தொங்க விடுவாங்களே, அதுதான். மரபணுப்படி பார்த்தால் நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு இல்லை. குழந்தை உருவான அதே கருவிலிருந்து வளர்ந்தது. ஆனால் அது தொட்டுக்கொண்டிருப்பது அம்மாவின் ரத்தத்தை. ஆக்ஸிஜனையும் உணவையும் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறது. அதே நேரம் ஹார்மோன்கள், புரதங்கள், உடைந்த டி.என்.ஏ. துணுக்குகள் எல்லாவற்றையும் அம்மாவின் ரத்தத்தில் விடுகிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால், லாகின் பண்ணவே முடியாத ஒரு சர்வர். ஆனா அதோட லாக் மட்டும் வெளியில வந்துக்கிட்டே இருக்கு. லாகைப் படித்தால் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியுமா? கடந்த எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இதுதான்.

ஆரம்பத்தில் வருபவர்கள் பாஸ்டனில் இருந்த ஒரு தம்பதி: ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித். அவர் பெண்கள் நல மருத்துவர், இவர் உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர். 1930-களிலிருந்து கர்ப்பிணிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஹார்மோன்களைப் பொறுமையாக அளந்தார்கள். பின்னாளில் சிக்கலாகிப்போகும் கர்ப்பங்களில், சிக்கல் வெளியில் தெரிவதற்கு முன்பே ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரான் அளவுகள் இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். நஞ்சுக்கொடி களைத்துப்போவதன் தடயம் அது. கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்துச் செய்ததுதான் விபரீதம். அளவு குறைகிறதா? அப்போ ஏத்திவிடுவோம் என்று நினைத்தார்கள். 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு ஒரு செயற்கை ஈஸ்ட்ரோஜெனை உருவாக்கியிருந்தது. பேர் டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். காப்புரிமை கிடையாது, விலை மலிவு, மாத்திரையாக விழுங்கலாம். இது நஞ்சுக்கொடியைத் தூண்டி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் என்பது ஸ்மித் தம்பதியின் கருத்து. 1948-ல், மாத்திரை கொடுத்த 632 கர்ப்பங்களைப் பற்றி எழுதினார்கள். முடிவுகள் பிரமாதம் என்றார்கள். ஆனால் மாத்திரை எடுக்காத, மற்றபடி அதே கவனிப்பு கிடைத்த சரியான ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை.

வண்டியில் பெட்ரோல் முள் இறங்கினால் பங்க்குக்குப் போகணும். கண்ணாடியைத் திறந்து முள்ளைக் கையால மேல தூக்கி விட்டா வண்டி ஓடுமா? நஞ்சுக்கொடி ஏற்கெனவே சரியாக வேலை செய்யாததால்தான் ஹார்மோன் குறைந்தது. ஹார்மோன் குறைந்ததால் நஞ்சுக்கொடி கெடவில்லை. இவ்வளவு எளிமையான விஷயத்தைப் படித்தவர்கள் எப்படித் தவறவிட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாரம் தவறாமல் குழந்தைகளை இழக்கும் பெண்களைப் பார்க்கிற ஒருவருக்கு, கையில் ஒரு எண்ணும் அதை உயர்த்த ஒரு மாத்திரையும் கிடைத்தால், சும்மா இருப்பது சுலபமில்லை.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மன் குழு ஒழுங்கான சோதனை நடத்தியது. சுமார் 1,650 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு டி.இ.எஸ்., பாதிப் பேருக்கு அதே போலத் தெரியும் வெற்று மாத்திரை. பலன் பூஜ்ஜியம். கருச்சிதைவும் குறையவில்லை, குறைப்பிரசவமும் குறையவில்லை. கதை அங்கே முடிந்திருக்கணும். முடியவில்லை. மாத்திரை இன்னும் 18 வருஷம் கர்ப்பிணிகளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது.

1971-ல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் என்கிற மருத்துவரும் சக மருத்துவர்களும் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். வயதான பெண்களுக்கே அபூர்வமாக வரும் ஒரு வகை யோனிப் புற்றுநோய், பதினைந்து முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருந்த இளம்பெண்களுக்கு வந்திருந்தது. எட்டு பேர். காரணம் பிடிபடவில்லை. ஒரு பெண்ணின் அம்மாதான் மருத்துவரிடம் கேட்டார்: நான் மாசமா இருந்தப்ப சாப்பிட்ட அந்த ஸ்டில்பெஸ்ட்ரால் மாத்திரையால இருக்குமா? தேடிப் பார்த்தார்கள். எட்டில் ஏழு அம்மாக்கள் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். அதே வருஷம் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் அம்மாக்களும் அவர்கள் வயிற்றில் இருந்த பிள்ளைகளுமாக 50 லட்சத்திலிருந்து 1 கோடிப் பேர் வரை அந்த மருந்துக்கு ஆளாகியிருந்தார்கள்.

அந்த அம்மாவை யோசிச்சுப் பாருங்க. பிள்ளையைக் காப்பாத்தணும்னு விழுங்கிய மாத்திரை.

இது ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, இன்னொரு பக்கம் ரொம்ப நல்ல விஞ்ஞானம் வளர்ந்தது. 1955-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் பிரவுன் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜென்களைத் துல்லியமாக அளக்கும் முறையை வெளியிட்டார். அதில் எஸ்ட்ரியால் என்கிற ஒன்று மருத்துவர்களை ரொம்பக் கவர்ந்தது. ஏன் என்பதை ஸ்டாக்ஹோமில் எகான் டிட்ஸ்ஃபலூசி விளக்கினார். எஸ்ட்ரியாலை நஞ்சுக்கொடி தனியாகத் தயாரிக்க முடியாது. அதற்குத் தேவையான சில நொதிகள் அதனிடம் இல்லை. குழந்தையின் அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளைக் கொடுக்கணும், குழந்தையின் கல்லீரல் அதை மாற்றணும், பிறகு நஞ்சுக்கொடி கடைசி வேலையை முடித்து அம்மாவின் ரத்தத்துக்குள் அனுப்பும். ஆக, அம்மாவின் சிறுநீரில் எஸ்ட்ரியால் நிறைய இருந்தால் குழந்தையும் வேலை செய்கிறது, நஞ்சுக்கொடியும் வேலை செய்கிறது என்று அர்த்தம். எங்க வேலையில இதை எண்ட்-டு-எண்ட் ஹெல்த் செக்னு சொல்வோம். அழகான ஐடியா. எனக்கு இதைப் படித்தபோது கைதட்டத் தோன்றியது.

1960-களிலும் 70-களிலும் இது பல நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. கர்ப்பிணி பெரிய பாட்டிலில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கணும். ஆபத்து அதிகம் என்றால் வார்டிலேயே தங்கி, திரும்பத் திரும்ப. ஒரு வேளை மறந்தாலும் கணக்கு தப்பு. பிறகு நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்த ரேடியோ-இம்யூனோ-அஸே முறை வந்ததும் ரத்தத்திலேயே அளக்க முடிந்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்துவிட்டார். அந்த முறை வந்ததும் எஸ்ட்ரியாலோடு நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்கிற இன்னொரு ஹார்மோனும் பட்டியலில் சேர்ந்தது. அது 1962-ல் கண்டறியப்பட்டது.

ஆனா இந்த ஹெல்த் செக் பொய்யும் சொன்னது. 1969-ல் நியூசிலாந்தில் ஒரு கர்ப்பிணிக்கு எஸ்ட்ரியால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கணக்குப்படி குழந்தை இறந்துகொண்டிருக்கணும். பிறந்தது ஆரோக்கியமான குழந்தை. நஞ்சுக்கொடியில் சல்ஃபடேஸ் என்கிற ஒரே ஒரு நொதி பிறவியிலேயே இல்லை, அவ்வளவுதான். ஆண் குழந்தைகளுக்கு வரும் குறை இது, பின்னாளில் தோல் செதில் செதிலாக உரியும், மற்றபடி பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அம்மா ஸ்டீராய்டு எடுத்தாலும் எஸ்ட்ரியால் இறங்கும். சில ஆன்டிபயாடிக் எடுத்தாலும் சிறுநீரில் இறங்கும். ஒண்ணுமே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

பொய் அலாரம்தானே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் ராத்திரி ஆன்-கால் டியூட்டி பார்க்கிறவன். பொய் அலாரம் வந்தால் எழுந்து பார்த்துவிட்டு, சலித்துக்கொண்டு திரும்பப் படுத்துவிடுவேன். இங்கே அப்படி இல்லை. அலாரம் அடித்தால் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: குழந்தையை வெளியே எடுப்பது. 1970-களில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வாரத்தில் எடுத்த குழந்தைக்கு நுரையீரல் பக்குவப்பட்டிருக்காது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்த அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்பதை லிகின்ஸும் ஹோவியும் நியூசிலாந்தில் 1972-ல்தான் வெளியிட்டார்கள். அது எல்லா இடத்திலும் வழக்கமாக இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதனால் பொய் அலாரத்தின் விலை, உள்ளே நன்றாக இருந்த ஒரு குழந்தை. அலாரம் அடிக்காமல் போனால் அதன் விலையும் ஒரு குழந்தை.

அப்போ கேட்க வேண்டிய கேள்வி "இந்த எண்ணுக்கும் ஆபத்துக்கும் தொடர்பு இருக்கா" என்பது இல்லை. தொடர்பு இருந்தது, யாரும் மறுக்கவில்லை. "இந்த எண் தெரிந்ததால் அதிகமான குழந்தைகள் பிழைத்தார்களா" என்பதுதான் கேள்வி. இதை 1976-ல் அமெரிக்காவின் டல்லஸில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. ஆபத்து அதிகமுள்ள 622 கர்ப்பிணிகள், இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் எஸ்ட்ரோஜன் அளவைப் பார்த்துப் பிரசவ நேரத்தை முடிவு செய்தார்கள், மறு பிரிவில் அது இல்லாமல். குழந்தை இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

1979-ல் ஆர்ச்சி காக்ரேன் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர், ஆதாரம் பார்க்காமல் சிகிச்சை செய்வதில் எந்தத் துறை மோசம் என்று எழுதும்போது மகப்பேறு மருத்துவத்துக்கு "மரக்கரண்டி" கொடுத்தார். மரக்கரண்டி என்றால் அங்கே கடைசி இடம் வந்தவருக்குக் கொடுக்கிற கேலிப் பரிசு. அந்தத் துறைக்கு உறைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இயன் சால்மர்ஸ் குழு பிரசவம் தொடர்பான சோதனைகளை எல்லாம் தேடித் தொகுக்க ஆரம்பித்தது. அதிலிருந்துதான் காக்ரேன் பெயரிலேயே இன்றைக்கு இருக்கும் அமைப்பு வளர்ந்தது. 2015-ல் அந்த அமைப்பு, நஞ்சுக்கொடிப் பரிசோதனைகள் குழந்தைகளைக் காப்பாற்றுமா என்று தேடியபோது, முடிவுத் தரவு கொடுத்த சோதனைகள் இரண்டே இரண்டு. மொத்தம் 740 பெண்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. எத்தனையோ பெண்கள் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். "இது உதவுதா"ன்னு ஒழுங்காகக் கேட்டது அவ்வளவு பேரிடம்தான். இந்தக் கதையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் இடம் இது. எண் தப்பா வர்றது விஞ்ஞானத்துல சகஜம். கேக்காம விடுறது சகஜமா இருக்கக் கூடாது.

1980-களில் அல்ட்ராசவுண்டும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியும் பரவ, எஸ்ட்ரியால் பாட்டில்கள் வார்டுகளை விட்டுப் போயின. யாரும் விழா எடுத்து வழியனுப்பவில்லை.

இடையில் ஒரு சின்னக் கிளைக்கதை. 1997-ல் டென்னிஸ் லோ, அம்மாவின் ரத்தத் திரவத்தில் குழந்தையின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார். இன்றைக்கு டவுன் சிண்ட்ரோமுக்காகச் செய்யும் என்.ஐ.பி.டி. பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். அதிலும் பாருங்க, "குழந்தையின் டி.என்.ஏ." என்று நாம் சொல்வது பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் செல்களிலிருந்து வருவது. அபூர்வமாக நஞ்சுக்கொடியில் மட்டும் குரோமோசோம் கோளாறு இருக்கும், குழந்தைக்கு இருக்காது. அதனால்தான் பாசிட்டிவ் வந்தால் பனிக்குட நீரை எடுத்து உறுதிப்படுத்தாமல் முடிவெடுக்கக் கூடாது என்கிறார்கள்.

இப்போ அந்தத் தங்கச்சியின் ரிப்போர்ட்டில் இருக்கும் விகிதத்துக்கு வருவோம். இதில் நம்ம ஊர் ஆள் ஒருத்தர் இருக்கார்.

ப்ரீ-எக்லாம்ப்சியா என்று ஒரு நோய். கர்ப்பத்தின் பிற்பாதியில் பிபி ஏறும், சிறுநீரில் புரதம் போகும். "யூரின்ல உப்பு இறங்குது"ன்னு வீட்டுல சொல்றது பெரும்பாலும் இதைத்தான். முற்றினால் வலிப்பு வரும், அம்மாவும் குழந்தையும் சாகலாம். நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் பெரும்பாலும் சரியாகத் தொடங்கும். இங்கே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகணும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனுக்குப் போன சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி. நஞ்சுக்கொடியிலிருந்து எது கிளம்பிப் போய் அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அவர் குழு தேடியது. 2003-ல் பதில் வந்தது. பேர் எஸ்-ஃப்ளிட்-1 என்கிற புரதம். ரத்தக்குழாய்களை ஆரோக்கியமாக வைக்கும் வளர்ச்சிக் காரணிகள் சில உண்டு. அவற்றில் நஞ்சுக்கொடி சுரப்பது பி.எல்.ஜி.எஃப். எஸ்-ஃப்ளிட்-1 பஞ்சு மாதிரி இவற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறது. நோயுள்ள நஞ்சுக்கொடி இந்தப் பஞ்சை அளவுக்கு மீறி அனுப்புகிறது.

ஸ்மித் தம்பதி செய்யாமல் விட்டதை இவர்கள் செய்தார்கள். இந்தப் புரதம் வெறும் அடையாளமா, காரணமா என்று சோதித்தார்கள். எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது பிபி ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. கர்ப்பமாகாத எலிகளுக்கும் அதே. கர்ப்பமும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை, இந்தப் புரதம் மட்டுமே போதுமாக இருந்தது. அடுத்த வருஷமே ரிச்சர்ட் லெவின் என்பவரோடு சேர்ந்து, வேறொரு பெரிய ஆய்வுக்காகச் சேமித்து வைத்திருந்த கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளில், நோய் வெளியில் தெரிவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பே அது ஏறத் தொடங்குவதைக் காட்டினார்கள்.

ரிப்போர்ட்டில் போடுவது இந்த இரண்டின் விகிதம். 2016-ல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வு சொன்னது: சந்தேகத்தோடு வரும் பெண்ணுக்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே என்றால், அடுத்த ஒரு வாரத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வராது என்பதை 99 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். 38-ஐத் தாண்டினால்? அடுத்த நாலு வாரத்துக்குள் நோய் வந்தவர்கள் சுமார் 37 சதவீதம்தான். அதாவது "இல்லை"ன்னு சொல்றப்ப நல்லா நம்பலாம். "இருக்கு"ன்னு சொல்றப்ப, கூடுதலாகக் கவனியுங்கள் என்று மட்டும் அர்த்தம். ஒரே பரிசோதனை, இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லை. இது புரிஞ்சா ரிப்போர்ட் பயம் பாதி குறையும்.

இந்தத் தடவை அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். லண்டனில் லூசி சேப்பல் தலைமையில், 11 பிரிட்டிஷ் மகப்பேறு மையங்களில் 1,023 பெண்கள். 2019-ல் முடிவு வந்தது. பி.எல்.ஜி.எஃப். எண்ணை மருத்துவர்களுக்குக் காட்டியபோது நோயைக் கண்டுபிடிக்க ஆன காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாக இறங்கியது. அம்மாக்களின் கடும் பாதிப்புகளும் குறைந்தன. குழந்தைகள் பக்கம் வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் அயர்லாந்தில் ஏழு மருத்துவமனைகளில் செய்தபோது அம்மாக்களுக்கும் பலன் தெளிவாகத் தெரியவில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்து உதவுவதற்கு நல்ல உதாரணம் 2017-ன் சோதனை. மூன்றாவது மாசத்திலேயே பிபி, ரத்த ஓட்டம், பி.எல்.ஜி.எஃப். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆபத்துள்ளவர்களுக்கு தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிடும் ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. அங்கே எண்ணுக்குப் பின்னால் செய்ய ஒரு வேலை இருந்தது.

கடைசியா ஒண்ணு. எஸ்-ஃப்ளிட்-1 அதிகமாக இருக்கிறதென்றால், டயாலிசிஸ் மாதிரி ரத்தத்தை வடிகட்டி அதைக் குறைத்தால் என்ன? ரவி தடானி என்கிற மருத்துவரும் ஜெர்மானிய மருத்துவர்களும் கருமாஞ்சியோடு சேர்ந்து இதை முயன்று, 2011-ல் வெளியிட்டார்கள். பல முறை வடிகட்டப்பட்ட மூன்று பெண்களுக்குப் பிரசவத்தை 15 முதல் 23 நாள் வரை தள்ளிப்போட முடிந்தது. ஏழாவது மாசத்தில் இருக்கும் குழந்தைக்கு அது பெரிய விஷயம். பழைய பாஸ்டன் கதை ஞாபகம் வருதா? இதுவும் ஒரு எண்ணைக் கையால் நகர்த்துகிற வேலைதான். இந்தத் தடவை எலியில் காரணம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழுவோடு, போதுமான பெண்களிடம், பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்பது வரை பார்த்த சோதனை வரும்வரை, இது ஒரு சில பெண்களின் கதை மட்டுமே.